மலைமேல் ஒரு மரக்கலம்

(பழைய மாணவர் ஒருவர், பயிற்றப்பட்ட தமிழாசிரியர், ஹற்றன்)

வகுப்பறையில் ஒருநாள் புறநானூற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பாயை இறக்காமலும் பாரத்தைக் குறைக்காமலும் பெருங்கலம் ஒன்று புகார் நகரத்து ஆற்றுமுகத்துள் நுழைவதை அந்நூல் கூறும் இடத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். ஆங்கு வரும் கூம்பு என்னுஞ் சொல்லுக்குப் பாய்மரம் எனப் பொருள் கூறினேன். பாய்மரம் யாது என ஒரு மாணவன் வினவினான். பாய் கட்டும் மரம் என்றேன். அவன் கண்ணிலே தெளிவு தோன்றவில்லை. வீட்டில் விரித்துப் படுக்கும் பாயையே அவன் நினைத்துக்கொண்டிருந்தான் என்பது பின்னரே எனக்கு விளங்கிற்று.

அவனிடத்துக் குற்றம் இல்லை. ஹற்றன் நகர் கடல் மட்டத்துக்கு 4,000 அடிக்கு மேல் உள்ளது. நுவரெலியாவோ 6,000 அடிக்கு மேல். இம்மலைகளிற் பிறந்த பிள்ளைகள் பலர் கடலைக் கண்ணாற் கண்டதில்லை. காணாத பொருளுக்குச் சொல்லைப் பொருளாகக் கொடுத்து, அச்சொல்லுக்கு மற்றொரு சொல்லைக் கொடுத்துச் செல்வது கற்பித்தல் ஆகாது. ஆதலின் ஒரு பாய்மரக் கப்பலைச் சிறிய அளவில் நாமே கட்டிப் பார்ப்போம் என முடிவு செய்தேன். கடையில் வாங்கும் பெட்டியில் வெட்டி வைத்த துண்டுகளை ஒட்டுவதன்று. மரத்தை அறுப்பது முதல் பாயைத் தைப்பது வரை யாவும் கையாற் செய்வது. அம்முயற்சியில் கற்றவற்றை ஈண்டுப் பாடமாக எழுதுகின்றேன்.

எந்தக் கப்பல்?

எடுத்துக்கொள்ளும் கப்பல் நம் பிள்ளைகளுக்கு உறவுடையதாய் இருத்தல் வேண்டும் எனக் கருதி, வல்வெட்டித்துறையில் 1930ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி'யைத் தெரிந்தெடுத்தேன். அது 89 அடி நீளமும் இரண்டு பாய்மரங்களும் உடையது. வல்வெட்டித்துறை மேத்திரிமார் தலைமுறை தலைமுறையாய்க் கைவந்த அளவுமுறையால் கட்டியது. சிறு பாய்க்கலத்தில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்த வில்லியம் அல்பேட் ராபின்சன் என்னும் அமெரிக்கர், பின்னர் இக்கப்பலை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என அதற்குப் பெயரிட்டார். வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள் செலுத்த, அது 1938ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்துக் குளோசெஸ்டர்த் துறையை அடைந்தது.

கப்பற்கலையின் அளவுமுறைகளைத் தமிழர் ஏட்டிலும் எழுதி வைத்திருந்தனர். 'கப்பல் சாத்திரம்' என்னும் ஏட்டுச்சுவடி 1950ஆம் ஆண்டில் சென்னையில் அச்சாயிற்று. எனினும் இக்கலையின் பெரும்பகுதி கையிலும் வாய்ச்சொல்லிலுமே வாழ்ந்தது. ஆதலின் கைத்தொழில் நின்ற இடத்தில் சொற்களும் மெல்ல மறைந்து வருகின்றன.

அளவு

மாதிரிக்கு முதல் வேண்டுவது அளவுவிகிதம். உண்மைக் கப்பலின் ஓரடிக்கு மாதிரியிற் கால் அங்குலம் எனக் கொண்டோம்; அஃதாவது 48இல் ஒரு பங்கு. 89 அடி 22¼ அங்குலமாயிற்று. அகலம் 5 அங்குலம் வைத்துக்கொண்டோம். தாளில் மூன்று படங்கள் வரைதல் வேண்டும்: பக்கத்திலிருந்து காணும் தோற்றம், மேலிருந்து காணும் தோற்றம், குறுக்கே அறுத்தாற் காணும் வடிவங்கள். இவற்றுள் மூன்றாவதே கடினமானது. தாளை இரண்டாக மடித்து, ஒரு பாதியை மட்டும் வரைந்து வெட்டி விரித்தால் இருபுறமும் ஒத்து அமையும்.

அதே விகிதத்தில் ஓர் ஆளும் செய்துகொள்ளுதல் நன்று. ஐந்தரை அடி உயர மனிதன் 1⅜ அங்குலம் ஆவான். அவனைத் தளத்தில் நிறுத்தினாலன்றிக் கப்பலின் பெருமை பிள்ளைகளுக்குப் புலனாகாது. பிடுங்கி எறிந்த பழைய தேயிலைச்செடியின் அடிமரம் கடினமும் நெருக்கமும் உடையது. அதிலே ஆளையும் கயிறு ஓடும் கப்பிகளையும் செதுக்கினோம்.

ஏராவும் வங்கும்

கப்பலின் முதுகெலும்பு போல அடியில் நெடுக ஓடும் மரத்துக்கு ஏரா என்பது பெயர். அதன்மேல் விலாவெலும்பு போல வரிசையாய் நிற்பவை வங்குகள். முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். இந்நான்கு சொற்களையும் பிள்ளைகள் மனனம் செய்யவில்லை. ஒட்டும்போது ஒருவரையொருவர் ஏவியே கற்றனர்.

ஏராவுக்குத் தோட்டத்தார் சவுக்கு என வழங்கும் நிழல்மரத்தின் நன்கு காய்ந்த துண்டு ஒன்றைக் கொண்டோம். வங்குகளுக்குப் பழைய தேயிலைப் பெட்டிப் பலகை கிடைத்தது. இப்போது தேயிலை கடதாசிப் பைகளிலே செல்கின்றமையால் அப்பெட்டிகள் அரிதாயின; எனினும் லயத்து வீடுகள் சிலவற்றில் துணி வைக்கும் பெட்டியாய் இன்னும் உள்ளன. மூன்று படை ஒட்டிய அப்பலகை எளிதிற் பிளவாது. பதினொரு வங்குகளை மெல்லிய வாளால் அறுத்து, ஒன்றேமுக்கால் அங்குல இடைவெளியில் ஏராவின்மேல் மூலைமட்டம் வைத்து நிறுத்தினோம்.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. நடுவில் நிற்கும் வங்கின் விளிம்பு நேராய் இருக்கலாம். அணியத்தை நோக்கிச் செல்லச் செல்லக் கப்பல் ஒடுங்குகின்றமையால் வங்கின் விளிம்பும் அச்சரிவுக்கேற்ப அராவப்படுதல் வேண்டும். மெல்லிய மூங்கிற் சிம்பு ஒன்றை வங்குகளின்மேல் நெடுக வளைத்துப் பார்த்தால், எங்கே இடைவெளி, எங்கே மேடு என்பது தெரியும். கண் ஏமாறும், சிம்பு ஏமாறாது.

பலகை பொருத்தல்

வங்குகளின்மேல் ஒட்டும் பலகைகளைக் கால் அங்குல அகலமும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தடிப்பும் உடையனவாய்ச் சீவிக்கொண்டோம். நடு வங்கின் ஒருபுற விளிம்பு 5 அங்குலம். எனவே ஒரு பக்கத்துக்கு 20 பலகைகள் வேண்டும். அணியத்தருகே அவ்விளிம்பு இரண்டரை அங்குலமே. அவ்விடத்திலும் அதே 20 பலகைகள் அடங்குதல் வேண்டுமாயின், ஒவ்வொன்றும் அரைக்கால் அங்குலமாக ஒடுங்குதல் வேண்டும். கணக்குப் பாடத்தில் வகுத்தலை வெறுத்த ஒருவன் இவ்விடத்தில் தானே வகுத்துச் சொன்னான்.

பலகையை வளைக்கச் சுடுநீரில் ஊறவைத்து, வெந்நீர் நிறைந்த தகரக் குவளையின்மேல் அழுத்திப் பிடித்தல் வேண்டும். பசை காயும்வரை துணிக்கவ்விகள் பிடித்துக்கொள்ளும்.

இனி எமது பிழையைக் கூறுகின்றேன். முதல் முயற்சியில் ஒரு பக்கத்தை முழுவதும் ஒட்டி முடித்துவிட்டு மறுபக்கத்தைத் தொடங்குவோம் என நானே கூறினேன். அஃது ஆனி மாதம். தென்மேற்குப் பருவமழை, மூன்று நாளாய் வெயிலில்லை. நாலாம் நாள் காலையில் எடுத்துப் பார்த்தபோது, ஏரா வில்லைப்போல் ஒருபுறம் வளைந்திருந்தது. ஈரத்தால் விரிந்திருந்த பலகைகள் உலரும்போது சுருங்கித் தம் பக்கமாய் ஏராவை இழுத்துவிட்டன. ஆறு வார வேலை வீணாயிற்று. பிள்ளைகள் ஒன்றும் பேசவில்லை. கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கைவையாதே என்னும் பழமொழியை ஒருவன் மெல்லச் சொன்னான், எல்லோரும் சிரித்துவிட்டோம். பிழை என்னுடையது என்பதை அவர்கள் முன் ஒப்புக்கொண்டு, புதிய ஏரா அறுக்கத் தொடங்கினோம்.

இரண்டாம் முறை இரண்டு விதிகளைக் கைக்கொண்டோம். முதலாவது, வலப்புறம் ஒரு பலகை ஒட்டினால் அடுத்தது இடப்புறம். ஒருபோதும் ஒரு பக்கம் முந்துதல் கூடாது. இரண்டாவது, சீவிய பலகைகளை அடுப்புக்கு மேலுள்ள பரணில் இரு வாரம் உலர்த்திய பின்னரே எடுப்பது. வளைக்க நனைத்த பலகையையும் வளைந்த நிலையிற் கட்டிவைத்து உலர்ந்த பின்னரே ஒட்டுவது. மேலிருந்து சிலவும் ஏராவிலிருந்து சிலவுமாக ஒட்டிவந்து நடுவிலே முடித்தோம். ஏரா நேராய் நின்றது.

பெருங்கப்பலில் பலகைகளுக்கு இடையே பஞ்சும் பிசினும் அடைத்து நீர் புகாமற் காப்பர். அதற்குக் கலப்பற்று என்பது பெயர். நாங்கள் மரத்தூளைப் பசையிற் குழைத்துத் தடவி, மணற்கடதாசியால் தேய்த்தோம்.

மரமும் கயிறும் பாயும்

பாய்மரத்துக்குப் பைன் மரம் ஏற்றது. முதலிற் சதுரமாகச் சீவி, பின் மூலைகளைச் சீவி எண்கோணமாக்கி, அதன் பின்னரே உருட்டுதல் வேண்டும். எடுத்த எடுப்பில் உருட்ட முயன்றால் மரம் கோணும். பாய்மரத்தின் குறுக்கே பாயைத் தாங்கும் கொம்பு பருமல். பாயை ஏற்றி இறக்கும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிப்பது தாமான். பருத்தி நூலைத் தேன்மெழுகில் இழுத்தெடுத்தால் பிசிறு அடங்கும், ஈரத்திலும் தொய்யாது.

பாய்க்குப் பழைய வேட்டித் துணி. வெண்மையான துணி மாதிரியிற் பொருந்தாது. வெயிலும் மழையும் பட்ட நிறம் வேண்டும். அந்நிறத்துக்காகக் கடைக்குச் செல்ல வேண்டியிருக்கவில்லை. கடுஞ் சாயத் தேநீரில் ஓரிரவு ஊறவைத்தோம். தம் தாய்மார் கொய்த கொழுந்தின் சாயம் ஏறிய பாயைப் பிள்ளைகள் கொடியிற் காயப்போட்டுவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தனர்.

மாணவன் கேட்ட கேள்வி

கப்பல் முடிந்து மேசைமேல் நின்ற அன்று, முன்பு பாய்மரம் யாது என வினவிய அதே மாணவன் அருகில் வந்து, "சேர், எங்க பூட்டன் வந்த கப்பலும் இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டான்.

எட்டு மாதம் கப்பலைப் பற்றிப் பேசியும், இக்கேள்விக்கு நான் ஆயத்தமாய் இருக்கவில்லை. நான் யாழ்ப்பாணத்துக் கரையின் பெருமையையே எண்ணியிருந்தேன். அவனோ தன் வீட்டுக்கு வழி தேடினான். அன்று அவனுக்குக் கூறியதன் சாரம் இதுவாகும்.

1820களிற் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலந்தொட்டு, தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து வந்தோர் பலர் பாக்கு நீரிணையைத் தோணிகளிற் கடந்தனர். அவை அன்னபூரணி போன்று பெரியன அல்ல, சிறியன, ஆட்கள் நெருங்கி ஏற்றப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலே மாண்டவர் பலர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகைவண்டிப் பயணிகளுக்கான நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிற்று. அரை நூற்றாண்டின் பின் வழி திரும்பியது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்துச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும், 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் இரு நாடுகளும் உடன்பட்டன. பிறந்த மண்ணை விட்டு எத்தனையோ குடும்பங்கள் தலைமன்னாரிற் கப்பலேறின. அக்காலத்தில் உறவினரைப் பிரிந்த கதை இல்லாத லயம் இல்லை. 2023இல் மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்தது. முன்னோர் நடந்த வழியைப் பேரப்பிள்ளைகள் மீண்டும் நடந்தனர்.

இவற்றைக் கேட்டு நின்ற மாணவன், "அப்போ தோணியும் ஒண்ணு செய்வோம் சேர்" என்றான்.

மிஞ்சிய பலகைகளில் அத்தோணியை அவர்களே கட்டினர். நான் உளி தீட்டிக் கொடுத்ததைத் தவிர வேறு செய்யவில்லை. விகிதம் அதே கால் அங்குலம். தேயிலைக் கட்டையில் ஒன்றேகால் அங்குலமும் ஒன்றரை அங்குலமுமாக ஆட்களைச் செதுக்கி நிறுத்தினர். சிலருக்குத் தலையில் மூட்டை. ஒரு பெண்ணின் இடுப்பிற் குழந்தை. இருபத்து மூன்றாவது ஆளை நிறுத்த இடம் இல்லாதபோது, "இதுக்கு மேல ஏத்தினா தாண்டுரும்" என்று ஒருத்தி கூறினாள். எவ்வளவு நெருக்கம் என்பதை நான் சொல்லி விளக்க வேண்டியிருக்கவில்லை.

முடிவுரை

கப்பல் என்பது நூலிற் கண்ட பழம்பெருமை என எண்ணிக் கற்பிக்கத் தொடங்கினேன். கட்டி முடித்தபோது இரண்டு உண்மைகள் விளங்கின. கையாற் செய்த பொருளின் பெயரை மாணவன் மறப்பதில்லை; ஏராவும் வங்கும் பருமலும் தாமானும் இன்று எம் வகுப்பில் வழங்குஞ் சொற்கள். மற்றொன்று, கடல் காணாத மலைப்பிள்ளையின் குடும்ப வரலாறும் ஒரு மரக்கலத்தின் தளத்திலேயே தொடங்குகின்றது. கப்பலைக் கட்டிச் செலுத்தியவரை மட்டும் போற்றி, அதில் நெருங்கி நின்று வந்தவரை மறக்கும் பாடம், ஒரு பக்கம் மட்டும் பலகை ஒட்டிய கலத்தை ஒக்கும். ஏரா வளைந்துவிடும்.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் ஆசிரியர் பலர் உளர். அவர்கள் தத்தம் பாடசாலையில் இம்முயற்சியை மேற்கொள்ளலாம். வேண்டுவன ஒரு வாள், ஓர் உளி, ஓர் அரம், பழைய பலகை, இவற்றினும் மேலாகப் பொறுமை. வலமும் இடமுமாய் மாறி மாறி ஒட்டுக. பலகையை நன்கு உலர்த்துக. பிள்ளைகள் கேள்வி கேட்பர். அதற்கு இடம் வைத்திருங்கள்.

எம் வகுப்பறை அலுமாரியின் மேல்தட்டில் இப்போது இரண்டு கலங்கள் நிற்கின்றன. பார்க்க வரும் பெற்றோர் பெரிய கப்பலை வியந்து பார்க்கின்றனர். பின்னர்ச் சிறிய தோணியின் அருகில் நின்று, ஆட்களை ஒவ்வொருவராய் எண்ணுகின்றனர்.