தோற்றம் அறிவோம்: சடைப் பின்னல்

கேள்வி: தலைமுடியைப் பின்னும் வழக்கம் எவ்வளவு பழையது?

பதில்: இதற்குப் பழைய சான்றுகள் சிற்பங்களில் கிடைக்கின்றன. ஆஸ்திரியாவின் வில்லென்டார்ஃப் ஊரில் 1908-இல் ஒரு பெண்ணின் கற்சிலை கண்டெடுக்கப்பட்டது. உயரம் 11 சென்டிமீட்டர். வயது ஏறத்தாழ 25,000 முதல் 30,000 ஆண்டுகள். அதன் தலையைச் சுற்றி வரிவரியாகச் செதுக்கியிருப்பதைப் பின்னல் என்று சிலரும், நாரால் முடைந்த தொப்பி என்று சிலரும் கருதுகிறார்கள்.

ஐயத்துக்கு இடமில்லாத சான்று எகிப்திலிருந்து வருகிறது. தீப்ஸ் நகரக் கல்லறையில் கிடைத்த பொய்முடி ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 3,000 ஆண்டுகளுக்கும் மேல் பழைய அது மனித முடியால் ஆனது. மேல்பகுதி சுருள், கீழே நூற்றுக்கணக்கான மெல்லிய பின்னல்கள். அவை கலையாமலிருக்கத் தேன்மெழுகும் பிசினும் தடவியிருக்கிறார்கள். டென்மார்க்கின் சதுப்பு நிலத்தில் 1938-இல் வெளிப்பட்ட எல்லிங் பெண்ணின் உடல் கி.மு. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுமார் 90 சென்டிமீட்டர் நீள முடியைப் பின்னிக் கழுத்தருகே முடிச்சிட்டிருந்தது அப்படியே தெரிந்தது.

ரோமாபுரியில் வெஸ்டா தேவியின் கன்னிப் பூசாரிகள் ஆறு சடை பின்னிக்கொண்டார்கள். அது எப்படிக் கட்டப்பட்டது என்பது நெடுங்காலம் விளங்காமல் இருந்தது. அமெரிக்கச் சிகை அலங்காரக் கலைஞர் ஜேனட் ஸ்டீபன்ஸ் சிலைகளைக் கூர்ந்து பார்த்து, உயிருள்ள தலையில் அதைப் பின்னி 2013-இல் காட்டினார். நூலறிவு எட்டாத இடத்தைக் கைப்பழக்கம் எட்டியது.

கேள்வி: ஆண்களும் சடை பின்னிக்கொண்டது உண்டா?

பதில்: பல நாடுகளில் உண்டு. அவற்றுள் அரசு ஆணையால் வந்தது சீனாவின் சடை. சீனாவைக் கைப்பற்றிய மஞ்சு அரசு, ஆண்கள் எல்லாரும் முன்தலையை மழித்துப் பின்முடியை ஒற்றைச் சடையாகப் பின்ன வேண்டும் என்று 1645-இல் கட்டளையிட்டது. மீறியவர்களுக்கு மரண தண்டனை. 1911-இல் புரட்சி வெடித்து, மறு ஆண்டு அந்த ஆட்சி முடிந்தபோது ஆண்கள் கூட்டங்கூட்டமாகச் சடையை வெட்டிக்கொண்டார்கள்.

கேள்வி: மூன்று கால் எடுத்துப் பின்னுவது ஏன்? இரண்டு போதாதா?

பதில்: இரண்டு காலை, அதாவது இரண்டு முடிக்கற்றையை, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றினால் கிடைப்பது முறுக்கு. கையை விட்டால் அது அவிழப் பார்க்கும். மூன்றாவது கால் சேர்ந்ததும் முறுக்குக்கு வேலை இல்லை. ஒவ்வொரு காலும் ஒருமுறை வலமாகவும் ஒருமுறை இடமாகவும் போய்வருவதால் திருகல் சமன்பட்டுவிடுகிறது. கால்கள் ஒன்றையொன்று அழுத்தும் உராய்வே பின்னலைப் பிடித்து நிறுத்துகிறது. நுனியில் ஒரு கட்டுப் போட்டால் போதும்.

ஆறு முறை மாற்றிப் போட்டதும் மூன்று கால்களும் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும். இன்னொரு விந்தை: பின்னலிலிருந்து ஒரு காலை மட்டும் முழுதாக உருவிவிட்டால், மற்ற இரண்டும் ஒன்றிலொன்று சிக்காமல் தனித்தனியே பிரிந்துவிடும். வண்ணக் கயிறுகளை வைத்து யாரும் இதைச் செய்து பார்க்கலாம். பின்னல்களின் இந்த ஒழுங்கை ஆராயும் தனிக் கணிதப் பிரிவை எமில் ஆர்ட்டின் 1920-களில் ஜெர்மனியில் உருவாக்கினார்.

கேள்வி: தமிழ்நாட்டுச் சடை அலங்காரங்கள் எவை?

பதில்: கூந்தலை ஐந்து வகையாக ஒப்பனை செய்ததைச் சங்க இலக்கியம் ‘ஐம்பால்’ என்று குறிக்கிறது. அந்த ஐந்து எவை என்பதில் உரைகாரர்களின் பட்டியல்கள் சற்று மாறுபடும். பிற்கால அணிகள் இன்றும் திருமணத்திலும் பரதநாட்டிய மேடையிலும் காணக் கிடைக்கின்றன. உச்சியின் இரு பக்கமும் சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, பின்தலையில் ராக்கொடி, அதன் கீழ் சடை நெடுகப் படிந்து வரும் ஜடை நாகம் அல்லது ஜடைபில்லை, நுனியில் பட்டு நூலும் மணியும் தொங்கும் குஞ்சலம். முடி குறைவானவர்கள் சவுரி சேர்த்துப் பின்னுவார்கள். நாட்டியத்துக்கான இந்த நகைகளுக்கு நாகர்கோவிலிலுள்ள வடசேரி பெயர் பெற்றது. பொன் இல்லாத வீட்டில் பூவே அணி: வாழைப்பட்டையில் மல்லிகை மொட்டுகளை அடுக்கிச் சடைமேல் தைப்பார்கள். தாழம்பூ மடலையும் மடித்துத் தைப்பதுண்டு.

கேள்வி: வீட்டிலேயே பின்னக் கற்பது எப்படி?

பதில்: முதல் பாடத்துக்குத் தலை வேண்டாம். மூன்று நிற ரிப்பன்களைச் சேர்த்து ஜன்னல் கம்பியில் கட்டிக்கொள்ள வேண்டும். வலப்பக்கக் காலை நடுக்காலின் மேல் போட்டால் அது நடுவுக்கு வந்துவிடும். பிறகு இடப்பக்கக் காலைப் புதிய நடுக்காலின் மேல் போட வேண்டும். வலம், இடம், வலம், இடம்: முழு வித்தையும் இவ்வளவே. ஒரே பக்கத்தை இருமுறை போட்டுவிட்டால் நிற வரிசை குலைந்து தவறு உடனே தெரியும்.

கை பழகியதும் தலைக்கு வரலாம். முதலில் சிக்கு எடுக்க வேண்டும். முடியின் மேல்தோல், கூரை ஓடுகளைப் போல நுனி நோக்கி அடுக்கப்பட்ட செதில்களால் ஆனது. நுனிப்பக்கத்துச் சிக்கை முதலில் பிரித்து, சிறிது சிறிதாக மேலே ஏற வேண்டும். செதில்களின் போக்கை ஒட்டிச் சீப்பு மட்டும் எப்போதும் கீழ்நோக்கியே போக வேண்டும். பல் அகன்ற சீப்பு இதற்கு ஏற்றது. ஈர முடி எளிதில் நீண்டு அறுந்துவிடும். நன்றாக உலர்த்திய பிறகே வார வேண்டும்.

பின்னிக்கொள்பவர் தாழ்வாகவும் பின்னுபவர் உயரமாகவும் உட்கார வேண்டும். தலை ஒரு பக்கம் சாய்ந்தால் சடையும் கோணும். முடியை மூன்று சமபாகமாகப் பிரிப்பது முக்கியம். ஒரு கால் மெலிந்தால் பின்னல் ஒரு சீராக வராது. ஒவ்வொரு முறை போட்டதும் இரு ஓரக் கால்களையும் பக்கவாட்டில் இழுத்து இறுக்க வேண்டும். கீழ்நோக்கி இழுத்தால் கழுத்தருகே தொளதொளவென்று நிற்கும். இரட்டைச் சடைக்கு வகிட்டைப் பின்கழுத்து வரை நேராக இறக்கி, இரண்டையும் காதுக்குப் பின்னால் ஒரே உயரத்தில் தொடங்க வேண்டும். ரிப்பனைப் பாதிப் பின்னலிலேயே ஒரு காலோடு சேர்த்துப் பின்னிவிட்டால் நுனிக்கட்டு நழுவாது.

தன் தலையைத் தானே பின்னும்போது கண்ணாடி குழப்பும். ஒற்றைச் சடையைத் தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு பழகுவதே எளிது. மேலே கழுத்தருகே உள்ள முதல் மூன்று நான்கு மாற்றுகளை விரலின் உணர்வை நம்பியே போட வேண்டும். இது கைவந்தால் நாலுகால், ஐந்துகால் பின்னலுக்குப் போகலாம். உச்சியில் சிறு கற்றையில் தொடங்கி, ஒவ்வொரு மாற்றுக்கும் பக்கத்து முடியைச் சேர்த்துக்கொண்டே போவது பிரெஞ்சு பின்னல். அதே பின்னலில் காலை மேலே போடாமல் அடியில் கொண்டுபோனால் சடை புடைத்து எடுப்பாக நிற்கும்.

கேள்வி: இறுக்கிப் பின்னினால் முடி நன்றாக வளரும் என்பது உண்மையா?

பதில்: இல்லை. முடி வேரிலிருந்து மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளர்கிறது. பின்னலின் இறுக்கம் அதைக் கூட்டாது. வெளிமுடி உரசி அறுவதும் சிக்காவதும் குறைவதே பின்னலின் பயன். அளவுமீறி இழுத்துக் கட்டினால் நெற்றியோரத்திலும் வகிட்டிலும் முடி உதிரும். தலைமுடியை உச்சியில் இழுத்துக் கட்டிய கிரீன்லாந்துப் பெண்களிடம் இந்தப் பாதிப்பு 1907-இலேயே பதிவானது. தொடக்கத்திலேயே கட்டைத் தளர்த்தினால் முடி மீண்டும் வளரும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் வேர் தழும்பேறி நிரந்தரமாகப் போய்விடும். பின்னி முடித்ததும் புருவம் மேலே இழுபட்டாலோ, வேரில் வலித்தாலோ, அந்தச் சடையை அவிழ்த்து மறுபடி பின்னுவதே சரி. குழந்தை வலிக்கிறது என்று சொன்னால் அதையே அளவாகக் கொள்ள வேண்டும்.