வினவாத வாயிலோன்

விடுதியிலோ வீட்டிலோ இருந்துகொண்டே கல்லூரி நூலகத்தின் மின்னிதழ்களைப் பயில விழைவோர்க்கு விபிஎன் என்னும் இணைப்புப் பெரிதும் துணைபுரிவதாகும். பொது இணையத்தின் ஊடே மறையாக்கம் செய்ததொரு சுருங்கையை அமைத்து, நம் கணினியை நிறுவனத்தின் உள்வலையோடு இணைப்பதே அதன் தொழில். அச்சுருங்கையின் வாயிலில், பயனர்பெயர் யாது, கடவுச்சொல் யாது என்னும் வினா எழுதல் வேண்டும். சிலபோது அவ்வினா எழுவதில்லை, இணைப்பும் அமைவதில்லை. உடனே கடவுச்சொல்லை மாற்றுவாரும், மென்பொருளை நீக்கி மீள நிறுவுவாரும் பலர். கேட்கப்படாத வினாவிற்கு விடையை மாற்றுவதாற் பயன் என்னை? வினா எவ்விடத்துத் தடையுற்றது என்று காண்டலே முதற்கடன். 2001-ஆம் ஆண்டில் வெளிவந்து இன்றும் வழங்கும் ஓபன்விபிஎன் என்னும் மென்பொருளைக் கொண்டு இதனை ஆராய்வாம்.

வினா எழாமைக்குரிய காரணங்களுள் தலையாயவை மூன்று. முதலாவது, வினவுமாறு கட்டளை இன்மை. அமைப்புக் கோப்பில் 'ஆத்-யூசர்-பாஸ்' என்னும் வரி இருந்தாலன்றி அம்மென்பொருள் பயனர்பெயரைக் கேளாது. இரண்டாவது, வினவுதற்கு இடம் இன்மை. கணினி தொடங்கும்போதே பின்னணிச் சேவையாக அஃது இயங்குமாயின், அதற்குத் திரையுமில்லை, விசைப்பலகையுமில்லை. யாரை நோக்கி வினவும்? மூன்றாவது, விடை முன்னரே சேமிக்கப்பட்டிருத்தல். பழைய கடவுச்சொல் ஒன்று கோப்பில் இருப்பின், அதனையே அனுப்பி மறுக்கப்பட்டு, இயல்பான அமைப்பில் அம்மென்பொருள் நின்றுவிடும். சேவை தானே மீண்டெழுமாறு அமைந்திருப்பின், தவறான சொல்லையே பன்முறை அனுப்பி, நம் கணக்கு பூட்டப்படுதற்கும் இடமுண்டு.

இம்மூன்றனுள் நம்முன் நிற்பது யாதென அறியும் வழி எளிது. சேவையை நிறுத்திவிட்டு, அதே அமைப்புக் கோப்பினை டெர்மினலில் நம் கையால் இயக்குக. ஆண்டு வினா எழுமாயின் குற்றம் கடவுச்சொல்லிலன்று. சேவைக்கு வினவும் இடம் இல்லாமையே காரணமாம். வினா எழாதாயின் கோப்பினைத் திறந்து நோக்குக. மேற்கூறிய வரி இல்லையேல் முதற் காரணம்; அவ்வரியை அடுத்து ஒரு கோப்பின் பெயர் இருப்பின் மூன்றாம் காரணம். இவற்றோடு பதிவேட்டையும் படித்தல் வேண்டும். மென்பொருள் தன் இடர்ப்பாட்டைப் பெரும்பாலும் ஆண்டே எழுதிவைக்கும்.

இனி, தீர்வு கூறுவாம். வரி இல்லையேல் சேர்க்க. பழஞ்சொல் இருப்பின் திருத்துக. விண்டோஸின் உள்ளமைந்த விபிஎன் ஆயின், அதன் மேம்பட்ட அமைப்புகளிற் சேமித்த உள்நுழைவு விவரத்தை அழித்தால் வினா மீண்டும் எழும். ஓபன்விபிஎன் சேவைக்கு வினவ இடமில்லையேல், ஒரு கோப்பின் முதல் வரியிற் பயனர்பெயரும் இரண்டாம் வரியிற் கடவுச்சொல்லும் எழுதி, அக்கோப்பின் பெயரை அவ்வரியோடு இணைக்கலாம். ஆயின் ஒவ்வொரு முறையும் புதிய எண் கேட்கும் இடத்தில் இம்முறை உதவாது. வயர்கார்டு என்னும் முறையோ கடவுச்சொல்லின்றித் திறவுகோல்களாலேயே இயங்குவது. ஆகலின் ஆண்டு வினா எழாமை பழுதன்று.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. கோப்பில் எழுதிய கடவுச்சொல் வெற்றெழுத்தாகவே கிடக்கும். லினக்ஸில் அதற்கு 600 என்னும் அனுமதியை வழங்கி, உரியவரன்றிப் பிறர் படியாவாறு காத்தல் வேண்டும். பலர் புழங்கும் கணினியில் அதனை எழுதிவைத்தலே ஆகாது. நம் பெயராற் பிறர் புகுந்து செய்யும் தீங்கிற்கு விடைகூற வேண்டியவர் நாமே அன்றோ? வாயிலோன் வினவுவது நம்மை வருத்துதற்கன்று, நமக்குரியதைக் காத்தற்பொருட்டே. ஆதலின், அவன் வாய் திறவாதபோது கதவை உடைக்க முயலாது, அவன் மௌனத்தின் காரணத்தை ஆய்ந்தறிந்து நீக்குதல் மாணவராகிய நமக்கு ஏற்ற நெறியாம்.