கடல் இல்லாத ஊரிலிருந்து கப்பலின் காதுக்கு

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் ராசிபுரம் பக்கம். சேலத்தில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு லேத், ஒரு சி.என்.சி. மில்லிங் மிஷின். லாரி பாடி கட்டுகிறவர்களுக்கும் ரிக் வண்டிக்காரர்களுக்கும் பார்ட்ஸ் செய்து கொடுக்கிறோம். எங்கள் பாப்பா திருச்செங்கோடு பக்கம் இ.சி.இ. மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கடற்படைக் கப்பல்களுக்கு மின்னணுப் போர்க் கருவி வடிவமைக்கும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். எங்கள் குடும்பம் கடலையே இரண்டு முறைதான் பார்த்திருக்கிறது. அது என்ன வேலை? நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது கிட்டுமா? என் பட்டறைக்கும் அதில் ஏதாவது இடம் உண்டா?

பதில்: பாப்பாவின் ஆசை நல்ல ஆசை. கடல் தூரமாக இருக்கிறதே என்ற கவலையை முதலில் விடுங்கள். நம் கப்பல்களுக்கு மின்னணுப் போர்க் கருவிகளை வடிவமைக்கும் டி.எல்.ஆர்.எல். ஆய்வகம் 1961 முதல் ஹைதராபாத்தில் இருக்கிறது. ரேடார் வடிவமைக்கும் எல்.ஆர்.டி.இ. பெங்களூரில். அவற்றைத் தயாரிக்கும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1954-ல் தொடங்கப்பட்டதும் பெங்களூரில்தான். அங்கெல்லாம் கடல் ஏது?

அது என்ன வேலை என்று கேட்டீர்கள். ராத்திரியில் தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டிய யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஹெட்லைட் வெளிச்சத்தில் டிரைவருக்குத் தெரிவது நூறு, நூற்றைம்பது மீட்டர் ரோடு. அதே வெளிச்சத்தை எதிர்மேட்டில் நிற்கிறவர் இரண்டு, மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே பார்த்துவிடுவார். ரேடாரும் அப்படித்தான். அதன் அலை போய், பொருளில் பட்டு, திரும்பி வர வேண்டும். போகும்போதும் தேயும், வரும்போதும் தேயும். அதனால் ஒரு ரேடார் பார்க்கும் தூரத்தை இரண்டு மடங்காக்க 16 மடங்கு சக்தி தேவை. அந்த ரேடாரை ஒளிந்திருந்து கேட்கிறவனுக்கோ அலை வருவது ஒரு வழிதான். ஆகவே, ரேடார் அவனைப் பார்ப்பதற்கு வெகு முன்பே அவன் ரேடாரைக் கேட்டுவிடுகிறான்.

இந்தக் கேட்கும் கலைதான் மின்னணுப் போரின் அடிப்படை. கேட்ட அலையின் துடிப்பை அளந்து, இது மீன்பிடிப் படகின் ரேடாரா, போர்க்கப்பலுடையதா, பாய்ந்து வரும் ஏவுகணையின் மூக்கில் இருப்பதா என்று சில நொடிகளில் பிரித்துச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் இரைச்சல் போட்டு எதிரியின் ரேடாரைக் குழப்புவதும், பொய் உருவம் காட்டி ஏமாற்றுவதும். பொய் உருவம் காட்டும் பழைய வழி ஒன்று இன்னும் வழக்கில் இருக்கிறது. அலுமினியம் பூசிய நுண்ணிய கண்ணாடி இழைகளைக் கோடிக்கணக்கில் வானில் தூவுவார்கள். இளம்பிள்ளைத் தறியின் சரிகையைப் பொடிப்பொடியாக நறுக்கியதுபோல இருக்கும். இழையின் நீளம் எதிரி ரேடாரின் அலைநீளத்தில் பாதி. 10 கிகாஹெர்ட்ஸ் ரேடாருக்கு ஒன்றரை சென்டிமீட்டர். ஏவுகணை அந்த மேகத்தைக் கப்பல் என்று நம்பிப் போய்விடும். நம் கடற்படைக்கு இதை ஜோத்பூரின் பாதுகாப்பு ஆய்வகம் உருவாக்கித் தந்திருக்கிறது. ஜோத்பூர் பாலைவனத்து ஊர் என்பதையும் பாப்பாவிடம் சொல்லுங்கள்.

நேரம் எவ்வளவு கிடைக்கும்? கப்பலின் ரேடார் கடல்மட்டத்திலிருந்து 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏவுகணை 5 மீட்டர் உயரத்தில் அலையை உரசி வருகிறது என்று வையுங்கள். பூமியின் வளைவு காரணமாக அது ரேடாருக்குத் தெரிவதே சுமார் 27 கிலோமீட்டரில்தான். நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வந்தால் கையில் இருப்பது ஒன்றரை நிமிடம்.

1982 மே 4 அன்று, ஃபாக்லாந்துப் போரில், பிரிட்டிஷ் கப்பல் ஷெஃபீல்டுக்கு அந்த ஒன்றரை நிமிடமும் வாய்க்கவில்லை. அப்போது அது செயற்கைக்கோள் வழியாகப் பேசிக்கொண்டிருந்தது. அந்த ஒலிபரப்பே, பகைவரின் ரேடாரைக் கேட்க வேண்டிய கருவியின் காதை அடைத்துவிட்டது. அருகில் இருந்த கிளாஸ்கோ கப்பல் அர்ஜென்டினா விமானங்களைக் கேட்டு எச்சரித்தது, இழைகளையும் தூவியது. அந்த விமானங்கள் ஏவிய ஏவுகணை தாக்கி ஷெஃபீல்டில் 20 பேர் இறந்தார்கள். கருவிகள் இரண்டும் தனித்தனியே நன்றாகத்தான் வேலை செய்தன. ஒரே கப்பலில் ரேடார், தொலைத்தொடர்பு, கேட்கும் கருவி மூன்றையும் ஒன்றை ஒன்று கெடுக்காமல் குடித்தனம் நடத்த வைப்பதுதான் இந்தத் துறையின் மிகக் கடினமான பாடம். எனக்குத் தெரிந்த நல்ல பொறியாளர்கள் எல்லோரும் அந்தப் பாடத்தில் முடி நரைத்தவர்கள்.

ஏமாற்றுவதற்கு எப்போதும் பெரிய கருவி வேண்டும் என்பதும் இல்லை. 1971-ல் பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி வங்கக்கடலுக்குள் வந்தது. விக்ராந்தோ தூரத்தில், அந்தமான் பக்கம் இருந்தது. கிழக்குக் கடற்படைத் தளபதி கிருஷ்ணன், ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலை விசாகப்பட்டினத்துக்கு வெளியே அனுப்பி, விக்ராந்த் பேசுவதுபோல வயர்லெஸ்ஸில் ஓயாமல் பேச வைத்தார். விக்ராந்த் மாலுமி ஒருவர் தன் தாயின் உடல்நிலையை விசாரிப்பதுபோலச் சங்கேதம் இல்லாத தந்தி ஒன்றும் போனது. டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி காஸி விசாகப்பட்டினத்துக்கு வெளியிலேயே மூழ்கியது.

கடற்படையின் ரேடியோ வேலை நம் மாநிலத்திலும் நடக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் 1990 முதல் நீர்மூழ்கிகளோடு பேசி வருகிறது. மிகத் தாழ்ந்த அலைவரிசை. ஓர் அலையே பத்து கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதுதான் கடல்நீருக்குள் சில மீட்டர் இறங்கும். நீர்மூழ்கி கேட்கலாம், அதே வழியில் பதில் சொல்ல முடியாது.

இனி உங்கள் பட்டறைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கி வைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், திருச்சியோடு சேலமும் ஒரு முனை. 2021 நவம்பரில் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்ட ‘சக்தி’ மின்னணுப் போர் அமைப்பின் தயாரிப்பில் 50-க்கும் மேற்பட்ட சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குப் பங்கு உண்டு. ஆகவே இடம் உண்டு. ஆனால் லாரி வேலையின் கண்ணோடு போனால் முதல் சாம்பிளிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முதலாவது, வெள்ளி. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு பற்ற வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வெள்ளிதான் ரேடார் பாகத்துக்குள்ளும் பூசப்படுகிறது. 10 கிகாஹெர்ட்ஸில் மின்சாரம் உலோகத்தின் உள்ளே போவதில்லை. வெள்ளியின் மேல்தோலில், மைக்ரானில் பாதியைவிடச் சற்றே கூடுதலான ஆழத்துக்குள் ஓடிவிடுகிறது. அதனால் அலுமினியத்தில் குடைந்து, உட்புறம் சில மைக்ரான் வெள்ளி பூசினால் போதும். அங்கே மில்லிங் கட்டர் விட்ட கோடு ஒன்று இருந்தாலும் மின்சாரம் மேடு பள்ளம் ஏறி இறங்கித்தான் போகும். சிக்னல் சூடாகி வீணாகும். லாரி பாகத்தில் டூல் மார்க் விழுந்தால் பெயின்ட் மறைத்துவிடும். இங்கே மறைக்க எதுவும் இல்லை. பூச்சின் கனத்தையும் சேர்த்துத்தான் டாலரன்ஸ் கணக்குப் போட வேண்டும்.

இரண்டாவது, உப்பு. கடல் இல்லாத ஊர்க்காரரான உங்களுக்குப் பழக்கமே இல்லாத விஷயம் இது. நான் பணியில் இருந்தபோது ஒரு கப்பலில், மாஸ்ட் உச்சியில் இருந்த ஆண்டெனாப் பெட்டி மூன்று மாதத்தில் செவிடாகிவிட்டது. ஏறிப் போய்த் திறந்தேன். உள்ளே கனெக்டர் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தை யாரோ கால் மில்லிமீட்டர் ஆழமாக வெட்டிவிட்டார்கள். ரிங் நசுங்கவில்லை, உப்புக் காற்று நுழைந்துவிட்டது. பல கோடி ரூபாய்க் கருவி அந்தக் கால் மில்லிமீட்டருக்காகக் காதடைத்துக் கிடந்தது. அதனால்தான் 35 டிகிரி சூட்டில் 5 சதவீத உப்புக் கரைசலைப் பனிபோலப் பீய்ச்சிச் சோதிக்கிறார்கள். தமிழ்நாட்டில் மின்னணுப் போர்க் கருவிகளுக்கென்று சோதனை நிலையம் அமைக்க 2024 ஜூலையில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தலைமையிலான கூட்டமைப்போடு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது.

முதல் ஆர்டர் பெரிய நிறுவனத்திடமிருந்து நேராக வராது; அதற்குப் பாகம் செய்து கொடுக்கும் இடைநிறுவனம் வழியாக, பத்தோ இருபதோ உருப்படியாக வரும். லாரி வேலையை விட்டுவிடாதீர்கள். பட்டறையில் டிராயிங்கைப் பிழையில்லாமல் படிக்கத் தெரிந்த ஒரு பையனும், அளவு சோதித்த சான்றோடு நல்ல மைக்ரோமீட்டரும் இருக்கட்டும். அங்கிருந்து தொடங்கலாம்.

பாப்பாவுக்கு: ‘கேட்’ தேர்வை நன்றாக எழுதினால், மேலே சொன்ன ஆய்வகங்களை நடத்தும் டி.ஆர்.டி.ஓ.வில் விஞ்ஞானி ‘பி’ பணிக்கு விண்ணப்பிக்கலாம். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தனித் தேர்வு வைக்கிறது. கடற்படையிலேயே அதிகாரியாகச் சேரப் பெண்களுக்கும் குறுகிய காலப் பணி வாய்ப்பு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மின்காந்தவியல், ஆண்டெனா, சிக்னல் பிராசசிங் மூன்றும்தான் அஸ்திவாரம். பிள்ளைகள் பாஸ் பண்ணிவிட்டு மறந்துவிடுவதும் அந்த மூன்று பாடங்களைத்தான்.

தேர்வுக்குப் படிக்கும்போதே ஹாம் ரேடியோ என்ற அமெச்சூர் வானொலி உரிமத்துக்கும் எழுதச் சொல்லுங்கள். உரிமம் வந்த பிறகு, ஆண்டெனா செய்ய உங்கள் பட்டறையில் மெல்லிய அலுமினியத் தடிகளை வெட்டிக் கொடுங்கள். நடுவில் வைக்கும் தடி 98 சென்டிமீட்டர், முன்னால் வைப்பது அதைவிடச் சற்றுக் குட்டை, பின்னால் வைப்பது சற்று நீளம். பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் ஹாம் ரேடியோ பேசுவது 145.800 மெகாஹெர்ட்ஸில். அது ராசிபுரத்துக்கு மேலே கடந்துபோகப் பத்து நிமிடத்துக்குள்தான் ஆகும். மொட்டை மாடியில் பாப்பா ஆண்டெனாவை அதன் பக்கம் திருப்பிக்கொண்டே வரட்டும். ரேடியோவை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.