கதை சொன்ன மரக்கட்டைகள்

குன்றத்தூர் என்றவுடன் தமிழுலகம் சேக்கிழாரையே நினைக்கும். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சராய் விளங்கிய அவர், நாயன்மார் 63 பேரின் வரலாற்றைப் பெரியபுராணமாகப் பாடினார். அடுத்து ஆண்ட இரண்டாம் இராசராசன் எழுப்பிய தாராசுரம் கோயிலில் அவ்வடியார் கதைகள் சிறு சிறு சிற்பங்களாயின. அவற்றோடு பெயர்களும் பொறிக்கப்பட்டன. படமும் எழுத்துமாகக் கதையை நிறுத்தும் இவ்வழக்கம், பல நூற்றாண்டு கடந்து, மரக்கட்டையின் வழியே தாளுக்கு வந்ததையே இங்கு நாம் ஆராயப் புகுகிறோம்.

1835இல் அச்சுக்கூடங்கள் மீதிருந்த தடை நீங்கியபின் சென்னையில் நம்மவர் அச்சகங்கள் பெருகின. 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளியில் மரச்செதுக்கும் கற்பிக்கப்பட்டது. செப்புத்தகட்டை விடுத்து மரத்தை நாடியதன் காரணம் எளிது. செப்பில் கோடு பள்ளத்தில் இருக்கும். அதற்குத் தனிப் பொறி வேண்டும். மரத்திலோ, வேண்டாத பகுதியைக் களைந்துவிட, கோடு மேலே நிற்கும். கட்டையை ஈய எழுத்தின் உயரத்திற்கே அறுத்து, எழுத்தோடு எழுத்தாய் முடுக்கி, ஒரே இழுப்பில் அச்சிடலாம். உருவை இடவலமாக மாற்றிச் செதுக்கவேண்டும் என்பதே இதிலுள்ள அருமை. (ஒரகடத்துத் தொழிற்சாலையில் வார்ப்பு அச்சைக் கடைபவரும் பள்ளத்தை மேடாகவும் மேட்டைப் பள்ளமாகவும் எண்ணியே வேலை செய்கிறார். இரண்டிற்கும் ‘அச்சு’ என்ற ஒரே சொல்லைத் தமிழ் வழங்குவது பொருத்தமே!)

இக்கட்டைகள் மிகுதியும் பயன்பட்டவை ‘பெரிய எழுத்து’ நூல்களில். இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்றோர் வெளியிட்ட விக்கிரமாதித்தன் கதை, அல்லி அரசாணி மாலை, தேசிங்குராசன் கதை முதலியவற்றை ஒருவர் இராகமிட்டுப் படிக்க, ஊரார் சூழ்ந்திருந்து கேட்டனர். 1714இல் போரில் மாண்ட செஞ்சி தேசிங்கின் கதையில், மணக்கோலத்தை விட்டு நண்பனுக்காகப் போர்க்களம் புகுந்து உயிர்நீத்த முஸ்லிம் தோழனை இந்து முஸ்லிம் என்ற வேறுபாடின்றி மக்கள் போற்றினர். இஸ்லாமியச் சமய நூல்கள் உருவப்படத்தைத் தவிர்த்தன. 1842இல் அச்சேறிய சீறாப்புராணத்தைக் கேட்டோர் சொல்லாலேயே காட்சியைக் கண்டனர்.

ஒரு கதையின் அரசன் மறுகதையிலும் அதே கட்டையில் வந்து நிற்பதைக் கற்றோர் சிலர் எள்ளினர். அதுவே இன்று ஆய்வாளர்க்கு வாய்த்த நற்பேறு என்போம். மேலட்டை இழந்து ஆண்டு தெரியாத நூல்கள் பல. மலிவு விலைப் பதிப்புகளாதலால் நூலகங்கள் அவற்றைப் பேணவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா போன்ற தனி மனிதர் சேர்த்துவைத்ததால் சில பிழைத்தன. 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பு சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று.

மரம் காலப்போக்கில் வெடிக்கும். வெடிப்பில் மை ஒட்டாது; ஆகவே படத்தில் வெண்கோடு விழும். ஒரே கட்டையால் அச்சான இரு படங்களை அருகருகே வைத்து நோக்குக. வெண்கோடு நீண்டும் விளிம்பு மழுங்கியும் இருப்பது பிந்தியது. குதிரையின் பிடரிமயிர் இழையிழையாய்த் தெரிவது முந்தியது. பாட்டியின் பெட்டியில் கிடக்கும் கிழிந்த கதைநூலும் இவ்வாய்வுக்குப் போதும்.