தாத்தாவின் ரெட்டைக் குழல் துப்பாக்கி: மாத்தலாமா, வேண்டாமா?

கூடலூர் பக்கம் இருக்கிற எங்க வீட்டில் ஒரு 12 போர் ரெட்டைக் குழல் துப்பாக்கி இருக்கு. தாத்தாவோட அப்பா, ஊர் திரும்பின ஒரு எஸ்டேட் துரைகிட்ட வாங்கினது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் தாத்தா வேட்டையை விட்டுட்டார். அவர் இறந்ததும் துப்பாக்கியை லைசென்ஸ் உள்ள கடையில் ஒப்படைச்சு, அப்பா பேருக்கு லைசென்ஸ் வாங்கித் திரும்ப எடுத்தோம்.

உடனே சித்தப்பா பட்டியல் போட்டார்: குழலைக் குட்டையாக்கணும், சேம்பரை நீட்டணும், கட்டையை மாத்தணும். "நீ மெக்கானிக்கல்தானே, சொல்லு"ன்னு அப்பா என்னைக் கேட்டார். நோட்டைத் தூசி தட்டினேன்.

1. குழலைக் குட்டையாக்கலாமா?

12 போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ. வாய்ப் பக்கம் கடைசிச் சில சென்டிமீட்டரில் மட்டும் அது கொஞ்சம் குறுகும். ஃபுல் சோக் என்றால் சுமார் 1 மி.மீ. ரவைகள் சீக்கிரம் சிதறாமல் போவது இதனால்தான். வெட்டினால் முதலில் போவதே இந்தப் பகுதி. அதைவிட முக்கியம், ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 6: இதற்கென்றே தனி உரிமம் இல்லாமல் குழலைக் குறைக்கக் கூடாது. துப்பாக்கி வைத்திருக்கும் லைசென்ஸ் இதுக்குப் போதாது.

2. சேம்பரை நீட்டலாமா?

கடைக்காரர் குழலைக் கழற்றிக் காட்டினார். அடியில் 2½ என்று முத்திரை. அதாவது 65 மி.மீ. தோட்டாவுக்கான சேம்பர். சித்தப்பா போட நினைச்சது 70 மி.மீ. தோட்டா.

இங்கேதான் பலர் ஏமாறுவாங்க. தோட்டாவின் நீளம் என்று சொல்வது, சுட்ட பிறகு வாய் விரிந்த நீளம். சுடுவதற்கு முன் வாய் மடிந்திருப்பதால் 70 மி.மீ. தோட்டா 65 சேம்பரில் சமர்த்தா உட்கார்ந்துடும். சுட்டதும் விரிய இடமில்லாமல், குழல் குறுகும் இடத்தில் வழியை நெருக்கும். அழுத்தம் எகிறும். உள்ளே போகுதுன்னா பொருந்துதுன்னு அர்த்தம் இல்லை.

சரி, கடைஞ்சு நீட்டினால்? ஐரோப்பாவின் சி.ஐ.பி. தரத்தில் சாதாரண 12 போர் தோட்டாவின் உச்ச அழுத்தம் 740 பார், அதாவது 74 மெகாபாஸ்கல். உதாரணத்துக்கு உள் ஆரம் 10 மி.மீ., சுவர் 3 மி.மீ. என்று வைப்போம். லாமே சமன்பாட்டின்படி ஹூப் ஸ்ட்ரெஸ் சுமார் 288 மெகாபாஸ்கல். உள்ளே அரை மி.மீ. கடைஞ்சால் 352. சுவர் 17 சதவீதம் மெலிந்தால் ஸ்ட்ரெஸ் 22 சதவீதம் ஏறுது. அதுவும் வயசான இரும்பில், உள்ளே எங்கே துரு தின்னிருக்குன்னு தெரியாமல். குழலில் இருக்கும் ப்ரூஃப் முத்திரையும் பழைய அளவுக்குத்தான் சாட்சி. கடைஞ்ச குழலுக்கு இல்லை.

3. கட்டையை மாத்தலாமா?

இதில் மட்டும் எனக்கு எதிர்ப்பு இல்லை. பழைய கட்டையைப் பத்திரமா வைச்சுக்கிட்டால் நாளைக்கே திரும்ப மாட்டலாம்.

நான் அப்பாகிட்ட சொன்னது இதுதான்: எந்த மாற்றம் பண்ணும் முன்னாடியும் 'இதைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியுமா?' என்று கேளுங்க. மரத்தை மாத்தலாம். கடைஞ்ச இரும்பு திரும்ப வளராது.

சித்தப்பா ரெண்டு நாள் பேசலை. அப்புறம் அவரே லைசென்ஸ் உள்ள ஆளிடம் கொண்டுபோய்ச் சுத்தம் பண்ணி, எண்ணெய் போட்டு வாங்கிட்டு வந்தார். கட்டையைக்கூட மாத்தலை. அதில் தாத்தா கன்னம் பட்டுத் தேய்ஞ்ச இடம் இருக்காம்.