இரட்டைக் கண்ணாடியும் இரண்டு ஐஸ் பெட்டிகளும்

எட்டாம் வகுப்பில் வெப்பப் பாடம் நடந்துகொண்டிருந்தது. "டீச்சர், எங்க அப்பா பெங்களூருல ஜன்னல் மாட்டுற வேலை பாக்குறாரு. ஒரு ஜன்னலுக்கு ரெண்டு கண்ணாடி போடுறாங்களாம். எதுக்கு?" என்றான் ஒருவன்.

பாடத்தில் உள்ளபடியே விளக்கினேன். காற்று அரிதிற் கடத்தி. கண்ணாடி அதைவிட ஏறத்தாழ 40 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே 12 மி.மீ. அளவுக்குக் காற்றை அடைத்தால், வெளிக்காற்றின் சூடு ஜன்னல் வழியே உள்ளே வருவது ஏறக்குறைய பாதியாகக் குறையும். இடைவெளியை மிகவும் கூட்டினால் உள்ளே காற்று சுழன்று வெப்பச்சலனம் தொடங்கிவிடும். "அதனால் வீடு குளுகுளுவென்று இருக்கும், கரண்ட் பில்லும் குறையும்" என்று முடித்தேன். அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அவசரப்பட்டுவிட்டேன்.

சோதித்துப் பார்க்க ஒகேனக்கல் மீன் கடைகளிலிருந்து தெர்மாகோல் ஐஸ் பெட்டிகள் இரண்டு வாங்கி வந்தோம். கண்ணாடித் துண்டுகள் பென்னாகரத்தில் படத்துக்குச் சட்டம் போடும் கடையில் கிடைத்தன. (ஓரங்களில் டேப் ஒட்டிவிடுங்கள், கையைக் கிழிக்கும்.) பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, ஒன்றில் ஒற்றைக் கண்ணாடியும் மற்றதில் அரை அங்குல இடைவெளியுடன் இரட்டைக் கண்ணாடியும் பொருத்தினோம். உள்ளே கிண்ணங்களில் சம எடை ஐஸ். அரை மணிக்கு ஒருமுறை உருகிய நீரை அளந்தோம்.

வராந்தா நிழலில் இரட்டைக் கண்ணாடி தெளிவாக வென்றது. மறுநாள் மைதானத்து வெயிலில், கண்ணாடி சூரியனைப் பார்க்கும்படி வைத்தோம். இரண்டிலும் ஐஸ் கிட்டத்தட்ட ஒன்றாகவே உருகியது. பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது, எனக்கும்தான். "வெயில் நேரா உள்ள போயிடுது டீச்சர்" என்றாள் ஒருத்தி. கதிர்வீச்சு! நாங்கள் தடுத்தது கடத்தலை மட்டும். குளிர் நாட்டில் உள்ளே வரும் வெயிலும் லாபம். நமக்கு அதுவே நஷ்டம். பெருநகரக் கட்டடங்களில் அந்தக் கண்ணாடிக்கு வெயிலைத் திருப்பும் மெல்லிய பூச்சும் கொடுப்பது இதற்காகத்தான்.

மூன்றாம் நாள் ஒற்றைக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே, சற்றுத் தள்ளி, கோணிச் சாக்கைத் தொங்கவிட்டோம். அது இரட்டைக் கண்ணாடியைத் தோற்கடித்தது. சாக்கை உள்பக்கம் மாட்டியபோது அவ்வளவு பலன் இல்லை. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் சாக்கைச் சூடாக்க, அந்தச் சூடு உள்ளேயே தங்கிவிட்டது. இந்த ஒப்பீட்டைத் தவறாமல் செய்யுங்கள். வீட்டில் திரைச்சீலையை எங்கே மாட்டுவது என்று பிள்ளைகளே விவாதிக்கத் தொடங்குவார்கள்.

மேற்கு ஜன்னலுக்கு வெளியே சாக்கு கட்டிப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். சிலர் செய்தார்கள். பின்வரிசைப் பெண் மட்டும் எழுந்து, "எங்க வீட்ல ஜன்னலே இல்ல டீச்சர். தகரம்தான்" என்றாள்.

அன்றைக்கே பெட்டிகளின் மூடியை எடுத்துவிட்டுத் தகரத் துண்டுகளை வைத்தோம். ஒன்று வெறும் தகரம். மற்றதில் அவளே சுண்ணாம்பு அடித்தாள். இப்போது ஐஸ் வரும்வரை காத்திருக்கிறோம்.