மீண்டும் உரோமாபுரியில்

செஞ்சிக்கு அருகில் மேல்சித்தாமூர் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள சமண மடம் தமிழ்நாட்டுச் சமணர்களின் தலைமை மடமாகும். தேர்த்திருவிழாவிற்குச் செல்லும் சிறுவன் ஒருவன், வானளாவிய கோபுரத்தையும் அசைந்துவரும் தேரையும் கண்டு மகிழ்ந்து திரும்புவான். அவனே தமிழை நன்கு கற்று, ஆண்டுகள் பல சென்றபின் மீண்டும் அவ்வூருக்குச் செல்வானாயின், மடத்தில் காக்கப்படும் ஏட்டுச் சுவடிகளும், பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும், கல்வெட்டுக்களும் அவன் கருத்தைக் கவரும். ஊர் மாறவில்லை, காண்பவனே மாறினான். முன் கண்ட ஊரை மீண்டும் காண்பதன் பயன் இதுவே. இவ்வுண்மையைத் தனிநாயகம் அடிகளாரின் வாழ்க்கை நன்கு விளக்கும்.

அடிகளார் 1913ஆம் ஆண்டு ஈழநாட்டில் யாழ்ப்பாணப் பகுதியில் பிறந்தார். இருபத்தோராம் வயதில், சமயக் கல்வி பயிலும்பொருட்டு உரோமாபுரிக்குச் சென்றார். ஈராயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட வரலாறுடைய அந்நகரில் தங்கிப் பயின்று, 1938இல் குருப்பட்டம் பெற்றார். அங்கிருந்த தமிழ் மாணவர்களுடன் கூடி வீரமாமுனிவர் பெயரால் ஒரு கழகமும் நிறுவினார். தமிழ்ப்பற்று அவருக்கு அன்றே இருந்தது. ஆயினும், தமிழை முறையாகக் கற்கும் வாய்ப்பு அதுவரை அவருக்குக் கிட்டவில்லை.

தமிழகம் வந்த அடிகளார், நெல்லை நாட்டு வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராய்ப் பணியாற்றினார். முப்பது வயதைக் கடந்தபின், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராய்ச் சேர்ந்து சங்க இலக்கியங்களை ஆழ்ந்து பயின்றார். ஆசிரியராய் இருந்தவர் மீண்டும் மாணவராய் அமர நாணவில்லை. 1952இல் தமிழின் பெருமையை உலகோர் அறியுமாறு 'தமிழ்க் கலாச்சாரம்' என்னும் பொருள்படும் பெயரால் ஆங்கில இதழ் ஒன்றையும் தொடங்கினார்.

1954ஆம் ஆண்டு அவர் ஐரோப்பாவில் ஆராய்ச்சிப் பயணம் மேற்கொண்டார். தாம் இளமையில் பயின்ற உரோமாபுரியை மீண்டும் அடைந்தார். இம்முறை அவர் நாடியது பழந்தமிழ் நூல்களை. வத்திக்கான் நூலகத்தில், அந்தாம் தெ புரோயென்சா என்னும் துறவி தொகுத்த தமிழ்–போர்ச்சுகீசிய அகராதியை அவர் கண்டெடுத்தார். அது கேரளத்து அம்பலக்காட்டில் 1679இல் அச்சிடப்பட்டது. தொகுத்தவரோ, அதனை அச்சில் காணாமலே 1666இல் மறைந்தார். வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் தோன்றியது; அதற்கு 53 ஆண்டுகள் முற்பட்டது இவ்வகராதி. பதினேழாம் நூற்றாண்டு மக்கள் வழங்கிய சொற்கள் பல அதில் பொருளுடன் இடம்பெற்றுள்ளன.

வீரமாமுனிவர் பெயரால் கழகம் கண்ட நாளிலும், அம்முனிவருக்கு முற்பட்ட அகராதி அந்நகரிலேயே இருந்தது. அன்று அதனை அறியாத இளைஞர், கற்றுத் தேர்ந்து மீண்டபோது அதனைக் கண்டார். அவரது முயற்சியால் 1966இல் கோலாலம்பூரில் அவ்வகராதி மூலத்தில் உள்ளவாறே மீண்டும் அச்சேறியது. முதல் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றதும் அவ்வாண்டில், அந்நகரிலேயாம்.

மாணவர்களே! நும் ஊரிலும் கோயில் இருக்கும், கல்வெட்டு இருக்கும், பழைய ஏடுகளும் இருத்தல் கூடும். பலமுறை கண்டவைதாமே என்று எண்ணி அவற்றைக் கடந்து செல்லாதீர்கள். கற்றபின் ஒருமுறை மீண்டும் சென்று காணுங்கள். உரோமாபுரியாயினும் மேல்சித்தாமூராயினும், கல்வியோடு மீள்பவருக்கே ஊர் தன் செல்வத்தைக் காட்டும்.